ஒரு பெண், இரண்டு பையன்கள், ஒரு கெட்ட அரசாங்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். நாலைந்து வருடமாக உங்கள் தளத்தைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கணுக்காலில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்த ஆறு வாரத்தில், அண்ணன் மகள் கொண்டுவந்து போட்ட இங்கிலீஷ் நாவல்களில் ஏழெட்டைப் படித்து முடித்ததாகப் போன மாதம் ஒரு குறிப்பில் சொல்லியிருந்தீர்கள். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கான காதல் கதைகள், எல்லாமே உலகம் கெட்டுப்போன பிறகு நடப்பவை, ஒன்றைக்கூடப் பாதியில் வைக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளும் இதே புத்தகங்கள்தான். பாதி போனில், பாதி கூடப் படிக்கும் பிள்ளைகளிடம் இரவல். நானும் இரண்டைப் புரட்டினேன். ஒரு பெண், அவளுக்கு இரண்டு பையன்கள், ஒரு கெட்ட அரசாங்கம். அடுத்ததிலும் அதேதான், ஊர் பேர்தான் வேறு. இதற்கு ராத்திரி ஒரு மணி வரை கண்விழித்து அழவேண்டுமா? நம் பாஷையில் ஏதாவது கொடுக்கலாம் என்றால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கும் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். பள்ளியில் மலையாளமும் இங்கிலீஷும்தான்.

இன்னொன்று. கொழுந்தனார் மகளுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தோம். இவள் வந்து நின்று பார்த்துவிட்டு, "அம்மா, இது நான் படிச்ச புக்குதான். அதுல கவர்மென்ட் பண்ணும், இங்க நீங்க பண்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் புத்தகங்கள் நல்லவையா கெட்டவையா, நீங்களே சொல்லுங்கள்.

எஸ்., கொழிஞ்சாம்பாறை
(மகள் இதைப் படிப்பாள். பெயர் போட வேண்டாம்.)

*

அன்புள்ள எஸ்.,

பெயர் போடவில்லை. ஆனால் ஜாதகக் கதையைப் போட்டுவிட்டேன், அதை எடுத்துவிட்டால் கடிதத்தில் என்ன மிஞ்சும்? பாப்பா கண்டுபிடித்துவிடுவாள். பழியை என் பேரில் போட்டுவிடுங்கள்.

உங்கள் கணக்கு சரி. பையன்களில் ஒருவன் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவன், இன்னொருவன் புதிதாக வந்தவன். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்று பாகம் இருக்கும். முதல் பாகம் ஓடும், இரண்டாவது நடக்கும், மூன்றாவதில் போர் வந்துவிடும். போர் வந்ததும் எழுதுகிறவருக்கு அந்தப் பெண்மேல் இருந்த அக்கறை போய்விடும். ஆனால் ஒரே கதையாக இருப்பதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோவில்களில் கம்பராமாயணப் பாட்டை வைத்துத் தோல்பாவைக்கூத்து 21 ராத்திரிகூட ஆடுகிறார்கள். ராவணன் செத்துவிடுவான் என்பது தெரியாமலா கூத்துமாடத்தில் விளக்கேற்றுகிறார்கள்?

பாப்பா சொன்னது 'மேட்ச்டு' ஆகத்தான் இருக்க வேண்டும். ஆலி காண்டி எழுதியது, 2010இல் வந்தது. அதில் அரசாங்கத்துக்குச் 'சொசைட்டி' என்று பெயர். நமக்குச் சொசைட்டி என்றால் காலையில் பால் ஊற்றுகிற இடம், அதனால் எனக்குப் பத்துப் பக்கம் வரை பயமே வரவில்லை. பதினேழு வயதானதும் பெண்ணுக்குப் பட்டு உடுத்தி, விருந்து வைத்து, திரையில் மாப்பிள்ளை முகத்தைக் காட்டுவார்கள். கசியா என்ற பெண்ணுக்குக் கூடவே வளர்ந்த சாண்டர் வருகிறான். எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டுக்குப் போய் அவன் விவரத்தைத் திரையில் போட்டுப் பார்க்கும்போது ஒரு நொடி வேறொரு பையனின் முகம் வந்து மறைகிறது. அவன் பெயர் கை. ஆமாம், கைதான். நானும் முதலில் சிரித்தேன்.

அந்தச் சொசைட்டி 100 கவிதை, 100 பாட்டு, 100 ஓவியம் போதும் என்று வைத்துக்கொண்டு மிச்சத்தை எல்லாம் அழித்துவிட்டது. எண்பது வயதானால் சாவு, அதற்கும் ஒரு விருந்து. கையால் எழுத யாருக்கும் தெரியாது. கைக்கு மட்டும் தெரியும். மலையேறும் வகுப்பில் யாரும் பார்க்காதபோது குச்சியால் மண்ணில் கசியாவுக்கு எழுதச் சொல்லித் தருகிறான். முதலில் அவள் பெயரின் முதல் எழுத்து. எழுதி, காலால் அழித்து, மறுபடி எழுதுவது. இந்தப் புத்தகக் குவியலில் முத்தங்களுக்குக் குறைவில்லை. 'சரி, இது காதல்தான்' என்று நான் ஒப்புக்கொண்டது இந்த ஓர் இடத்தில்தான். விஜயதசமி அன்று மடியில் உட்காரவைத்து, விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைத்தது யார் என்று நம்மில் யாருக்கும் மறப்பதில்லை, இல்லையா?

உங்கள் மகள் சொன்ன ஒற்றை வரி நான் எழுத நினைத்த விமர்சனத்தைவிடச் சுருக்கமானது. கோபித்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் ஒரு பதினாறு வயதுப் பெண்ணை ராத்திரி தூங்கவிடாமல் செய்கிற கதை, இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் நாலு பக்கம் விளம்பரமாக வருகிறது. என்ன, சொசைட்டி சீர் கேட்பதில்லை.

அடுத்தது 'த செலக்‌ஷன்', கீரா காஸ், 2012. இளவரசனுக்குப் பெண் தேடுவதற்கு 35 பெண்களை அரண்மனைக்குக் கூட்டிவந்து டிவியில் காட்டுகிறார்கள். பாதிப் புத்தகம் கவுன் வர்ணனை. ஆனால் அந்த நாட்டில் ஜாதி இருக்கிறது! ஜாதி என்ற சொல்லையே போட்டிருக்கிறார். ஒன்றிலிருந்து எட்டு வரை எண். கதாநாயகியின் பெயர் அமெரிக்கா, பாடுகிற குடும்பம், ஐந்தாம் ஜாதி. அவள் ரகசியமாகப் பார்த்துப் பேசும் ஆஸ்பென் ஆறாம் ஜாதி, வீட்டு வேலைக்காரர்கள். பெண் யாரைக் கட்டிக்கொள்கிறாளோ அவன் எண் அவளுக்கு வந்துவிடும். ஜாதி தாண்டிக் கட்ட மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். நம்மூரில் 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் ஒட்டுகிறார்களே, அந்த மாதிரி.

அந்தப் புத்தகத்தில் நல்ல இடம் அரண்மனைக்கு வெளியில் இருக்கிறது. மரத்தின்மேல் கட்டிய குடிசையில் அமெரிக்கா அவனுக்காகச் சேர்த்துவைத்துச் சமைத்த சாப்பாட்டை எடுத்து வைக்கிறாள். அவன் பசியோடு இருக்கிறான். ஆனாலும் சந்தோஷப்படவில்லை. நான்தானே உனக்குச் செய்ய வேண்டும் என்று முகம் சுருங்கிப்போய், அன்றைக்கே அவளை விட்டுப் போகிறான். பசியும் ரோஷமும் ஒரே தட்டில் இருக்கும் அந்தக் காட்சி அப்படியே நம்மூர்க் காட்சி. அதற்கப்புறம் அரண்மனை வந்துவிடுகிறது, கவுன் வந்துவிடுகிறது.

எனக்கு உறுத்தியது வேறு. ஜாதியை எண்ணாக ஆக்கியதும் அதிலிருந்த அருவருப்பு போய்விடுகிறது. ஆறாம் எண் தொட்ட டம்ளரை அந்த நாட்டில் யாரும் தனியாகக் கவிழ்த்து வைப்பதாகத் தெரியவில்லை. இங்கே முதலமடைப் பக்கம் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனிக்காரர்கள் 2017இல் டீக்கடை டம்ளரைப் பற்றியும் குடிதண்ணீரைப் பற்றியும் சொன்னது பத்திரிகைகளில் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். என் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் வெகு தூரமில்லை. கீரா காஸ் ஒரு நாள் இங்கே வந்து டீ குடித்திருந்தால் வேறு புத்தகம் எழுதியிருப்பார்.

'டைவர்ஜென்ட்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெரோனிகா ராத் எழுதியது, 2011. சிகாகோ நகரத்தில் பதினாறு வயதில் ஒரு பரீட்சை வைத்து ஆட்களை ஐந்து பிரிவாகப் பிரிக்கிறார்கள். பிளஸ் ஒன்னுக்கு சயின்ஸா காமர்ஸா என்று வீட்டில் நடந்த சண்டையைப் பாப்பா ஞாபகம் வைத்திருந்தால் இது பிடிக்கும். ஓடுகிற ரயிலிலிருந்து நிறையக் குதிக்கிறார்கள். மாவுக்கட்டோடு படிக்க உகந்த புத்தகம் இல்லை.

லாரன் ஆலிவரின் 'டெலிரியம்' (2011) கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் எனக்கு மனதில் தங்கியது. அங்கே காதல் ஒரு வியாதி. அதற்கு நீளமான லத்தீன் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயதானதும் மண்டையில் ஆபரேஷன் செய்து குணப்படுத்திவிடுவார்கள், அப்புறம் அரசாங்கம் பார்த்துக் கொடுக்கிற மாப்பிள்ளை. லீனா என்ற பெண் அந்த நாளை ஆசையோடு எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மாவுக்கு மட்டும் ஆபரேஷன் எத்தனை தடவை செய்தும் பிடிக்கவில்லை. வீட்டுத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, காலுறையோடு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஆடுவாளாம். பெற்ற பிள்ளையைக் கட்டிப்பிடிப்பதும் அங்கே வியாதியின் அறிகுறிதான்.

எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது என்று மார்தட்டுகிற ஆள் நான் இல்லை. ஆனாலும் இதைப் படித்த ராத்திரி நற்றிணையை எடுத்துவைத்துக்கொண்டேன். காதல் வியாதியாகத் தெரிவது சங்கப் பாட்டில் அடிக்கடி வரும். பெண் இளைக்கிறாள், சாப்பிடுவதில்லை, வளை கழன்று விழுகிறது. அம்மாவுக்குப் பயம் வந்து, முருகனுக்காக ஆடுகிற பூசாரியான வேலனைக் கூப்பிடுகிறாள். ஆடு அறுத்து வெறியாட்டு நடக்கிறது. நோய்க்குக் காரணம் மலைநாட்டுப் பையன் என்று தோழிக்குத் தெரியும், பெண்ணுக்குத் தெரியும், வேலனுக்குத் தெரியாது. 34ஆம் பாட்டில் தோழி முருகனையே பார்த்துச் சொல்கிறாள்: நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, ஆனாலும் நீ ஒரு மடையன்தான், இவளுக்கு உன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் கூப்பிட்டதும் வந்து நிற்கிறாயே என்று. இந்தத் தோழியை அப்படியே தூக்கி எந்த அமெரிக்க நாவலிலும் வைக்கலாம். கதாநாயகியைவிட எல்லாப் பிள்ளைகளுக்கும் அவளைத்தான் பிடிக்கும்.

அந்தப் பாட்டுகளில் அரசாங்கம் கிடையாது என்பதைக் கவனியுங்கள். புறப்பாட்டில் ராஜா உண்டு, போர் உண்டு. அகப்பாட்டில் காவல் காப்பது அம்மா. வெளியே போகாதே என்று வீட்டோடு வைப்பது அம்மா. பெண் போய்விட்ட பிறகு பாலைவழியில் எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, என் மகளைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டு போவது வளர்த்த செவிலித்தாய். காவலும் அவர்கள்தான், கதறலும் அவர்கள்தான். அமெரிக்கப் புத்தகங்களில் நான் தேடிக் கிடைக்காதது இதுதான். அங்கே கெட்டவர்கள் தலைநகரத்தில் இருக்கிறார்கள், சீருடை போட்டிருக்கிறார்கள், அவர்களைச் சுட்டால் கதை முடிந்துவிடும்.

என் கதை ஒன்று சொல்கிறேன். எனக்குப் பதினேழு வயது, பிரீடிகிரி இரண்டாம் வருடம். எங்கள் தோப்பில் கள் இறக்க வருகிறவரின் மகன் அதே பஸ்ஸில் வருவான். கடிதம் எழுதுவான், மலையாளத்தில். நான் தமிழ் மீடியம். மலையாளம் பேச வரும், ஓர் எழுத்துப் படிக்க வராது. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல முடியுமா? பஸ் போர்டை வைத்துத்தான் படித்தேன். பாலக்காடு, சித்தூர், கொல்லங்கோடு, நெம்மாரா என்று எந்த பஸ் எங்கே போகும் என்பது தெரியும். அந்த ஊர்ப் பெயர்களைப் பிரித்து எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டேன். கொல்லங்கோட்டில் 'ங்க' கிடைத்தது. 'ழ'வை உங்கள் கொழிஞ்சாம்பாறை கொடுத்தது. இரண்டு மாதத்தில் அவன் முதல் கடிதத்தைப் படித்துவிட்டேன். அதில் காதல் என்று ஒரு சொல்கூட இல்லை. பாலக்காட்டில் பார்த்த ஒரு படத்தின் கதையை இடைவேளை வரைக்கும் எழுதி, மீதி அடுத்த கடிதத்தில் என்று முடித்திருந்தான்.

கடிதத்தைக் கம்பு வைத்திருந்த டிரம்மில் ஒளித்துவைத்திருந்தேன். அம்மா எடுத்துவிட்டார். அம்மாவுக்கும் மலையாளம் ஓர் எழுத்துத் தெரியாது. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. திட்டவில்லை, கேட்கவில்லை, அப்பாவிடம்கூட என் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி அரிசிம்பருப்பு சாதம் செய்து, நெய்யை வழக்கத்தைவிட அதிகமாக ஊற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்து பார்த்தால் வாசலில் என் துணிப்பை கட்டி வைத்திருக்கிறது. முதல் பஸ்ஸில் பொள்ளாச்சி, அங்கிருந்து உடுமலை, அத்தை வீடு. ஒரு வருடம். அங்கே போய்ப் பையைத் திறந்தால் புதுச் செருப்பு, ஒரு பாட்டில் எண்ணெய், அப்புறம் நான் ஆறு மாதமாகக் கேட்டும் வாங்கித் தராத ஹீரோ பேனா.

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. அம்மா சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. இதில் நான் யாரைக் கெட்ட அரசாங்கம் என்று காட்டுவது? (அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம். நன்றாக இருக்கிறான், பேரன் எடுத்துவிட்டான். படத்தின் மீதிக் கதைதான் எனக்கு இன்னும் தெரியாது.)

லோயிஸ் லோரியின் 'த கிவர்' (1993) காதல் கதை இல்லை, எப்படியோ அண்ணன் மகளின் பையில் சேர்ந்து வந்துவிட்டது. அதில் ஜோனாஸ் என்ற பையன் அப்பா அம்மாவைப் பார்த்து, என்மேல் உங்களுக்கு அன்பு உண்டா என்று கேட்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். அர்த்தம் தேய்ந்துபோன சொல், இன்னும் துல்லியமாகப் பேசப் பழகு என்கிறார்கள். அதைப் படித்து வெளிநாட்டுப் பிள்ளைகள் நடுங்குவார்கள் போலிருக்கிறது. நம் வீட்டில் ஒரு பிள்ளை அப்படிக் கேட்டால் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்றுதான் பார்ப்போம்.

எல்லோருக்கும் அரிசிம்பருப்பு சாதத்தோடு முடிவதில்லை என்பதும் தெரியும். 2016 மார்ச் 13 அன்று அதே உடுமலையில், பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், காதலித்துக் கட்டிக்கொண்ட பெண்ணின் கண்ணெதிரே ஒரு கல்லூரி மாணவனை வெட்டிச் சாய்த்தார்கள். நமக்கு இந்தப் பக்கம் தேங்குறிச்சியில் 2020 கிறிஸ்துமஸ் அன்று இன்னொருவன், கல்யாணமாகி 88ஆம் நாள். பெண்ணின் அப்பாவுக்கும் இன்னோர் உறவினருக்கும் 2024இல் பாலக்காட்டு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. ஒரு நாவலில் இந்த 88 நாளைப் படித்தால் ரொம்பச் செயற்கையாக இருக்கிறது என்று நானே எழுதியிருப்பேன்.

இப்போது குவியலிலேயே சிறந்த புத்தகத்துக்கு வருகிறேன். 'ஹங்கர் கேம்ஸ்', சூசன் காலின்ஸ், 2008. பாப்பா இதை ஏற்கெனவே நாலு தடவை படித்திருப்பாள். 12 மாவட்டம், ஒவ்வொன்றிலிருந்தும் வருடத்துக்கு ஒரு பையன், ஒரு பெண், ஆக 24 பேரை ஓர் அரங்கில் விட்டு ஒருவர் மிஞ்சும்வரை கொல்லவைத்து டிவியில் காட்டுகிறார்கள். சண்டைக்காக நான் அதைச் சொல்லவில்லை. 'டெசரா' என்று ஒன்று வருகிறது, அதற்காகச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரை உங்கள் பெயர் குலுக்கலில் இருக்கும். வீட்டில் பட்டினி என்றால் இன்னொரு சீட்டு கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், பதிலுக்கு ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் தானியமும் எண்ணெயும் தருவார்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு வாங்கலாம், அடுத்த வருடம் அதன்மேல் இன்னும் ஏறும். பதினாறு வயதில் காட்னிஸின் பெயர் 20 சீட்டில் இருக்கிறது. அவளோடு வேட்டைக்குப் போகும் கேலின் பெயர் 42 சீட்டில். கடைசியில் ஒரே ஒரு சீட்டு இருந்த தங்கையின் பெயர் வருகிறது. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

காதலும் அங்கே பசிக்குக் கட்டுப்பட்டதுதான். அரங்கில் அடிபட்டுக் கிடக்கும் பீட்டாவை அவள் முத்தமிட்டால், பார்க்கிறவர்கள் மகிழ்ந்து ஒரு பாத்திரம் சூப் அனுப்புகிறார்கள். இன்னும் கொஞ்சம் நடித்தால் இன்னும் சாப்பாடு வரும் என்று அவளுக்குப் புரிகிறது. எது நடிப்பு, எது நிஜம் என்று அவளுக்கே தெரியாமல் போகிறது. இந்த 'இரண்டு பையன்' வாய்ப்பாட்டை வைத்து இவ்வளவு கூர்மையாக வேறு யாரும் எழுதவில்லை.

அண்ணன் மகள் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர்களைப் பதினொன்றாம் மாவட்டம் என்று கிண்டல் செய்வாள். கதையில் அது விவசாய மாவட்டம், விளைவிக்கிறவர்களுக்கே அதைச் சாப்பிட முடியாது. கேரளம் முழுக்கக் குடிக்கிற கள்ளில் பெரும்பங்கு இங்கிருந்து ஏற்றுவதுதான். தண்ணீருக்கு மட்டும் 1970ஆம் வருடத்துப் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டிலிருந்து மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி வந்ததா வரவில்லையா என்று ஒவ்வொரு கோடையிலும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பரம்பிக்குளம் அணை கேரளத்தில், பராமரிப்பு தமிழ்நாட்டிடம், வறட்சி எங்களுக்கு. சரி, அந்தப் பேச்சை எடுத்தால் இந்தப் பதில் முடியாது.

அதே வரிசையில் 2025இல் வந்த 'சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்' கூடப் படித்தேன். முதல் புத்தகத்தில் எப்போதும் குடித்துக்கொண்டிருப்பாரே ஹேமிட்ச், அவருடைய பதினாறு வயது. அந்த வருடம் இரட்டிப்பாக 48 பிள்ளைகள். அவர் பிழைத்துவிடுவார், ஆனால் உருப்படமாட்டார் என்று முதல் பக்கத்திலேயே தெரியும். தெரிந்தும் அழுதேன். கூத்துமாடக் கதைதான்.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நேர்மையாகச் சொன்னால், இந்த வயதுக்கென்று கனமாக எழுதப்பட்டது குறைவு. குழந்தைக் கதை முடிந்ததும் நம்மூர்ப் பெண்பிள்ளைகள் நேராக மாத நாவலுக்குத் தாவிவிடுவார்கள், நானும் பிசிக்ஸ் ரெக்கார்டுக்குள் வைத்துத்தான் படித்தேன். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' கொடுத்துப் பாருங்கள். ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிற நாடு, எல்லோருக்கும் இரண்டு எழுத்துப் பெயர், பிள்ளை பெற அரசாங்க அனுமதி, காணாமல் போன கணவனைத் தேடும் நிலா, கூடவே பேசுகிற இயந்திர நாய் ஜீனோ. அவர் எதிர்காலம் என்று சொன்ன 2021 வந்து போயே போய்விட்டது, அதையே பாப்பா வேடிக்கையாகப் படிப்பாள். ஜீனோவுக்காக எழுத்துக் கூட்டுவாள் என்று நினைக்கிறேன். வேகம் வராவிட்டால் பொள்ளாச்சி போகிற தமிழ்நாட்டு பஸ் போர்டுகளை முதலில் படிக்கச் சொல்லுங்கள், எனக்கு அந்தப் பக்கமிருந்து பலித்தது, அவளுக்கு இந்தப் பக்கமிருந்து பலிக்கட்டும். நற்றிணையை இப்போது நீட்டாதீர்கள், ஓடிவிடுவாள். அந்த 34ஆம் பாட்டின் கதையை மட்டும் சமையல் செய்யும்போது சொல்லிவையுங்கள்.

நல்லவையா கெட்டவையா என்றால், 'ஹங்கர் கேம்ஸ்' நல்ல புத்தகம். 'மேட்ச்டு', 'டெலிரியம்' இரண்டிலும் முதல் பாகம் நல்ல பாகம். 'செலக்‌ஷன்' பலகாரம், தினமும் வேண்டாம். எல்லோரும் சிரித்தபோது உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். பாப்பாவிடம் ஜாதகத்தை நியாயப்படுத்தி வாதாடப் போகாதீர்கள். அவளிடம் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அந்த மண்ணில் எழுதுகிற இடம் வரைக்குமாவது படித்துவிடுங்கள். இங்கிலீஷ் தடுமாறினால் அவளையே வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

'டைவர்ஜென்ட்' அவளிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் மூன்றாம் பாகம், 'அலீஜியன்ட்', எந்த இடத்தில் இருக்கிறாள் என்றும் கேட்டுவையுங்கள். என்ன நடக்கிறது என்று நான் இங்கே சொல்லமாட்டேன். கடைசிப் பத்து அத்தியாயத்தை அவள் படிக்கிற ராத்திரி நீங்களும் விழித்திருங்கள், ஆனால் ஏன் அழுகிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா